பிரெட் ஹார்ட்டை நேர்ல பார்த்தவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்தை எழுதுங்க

கால்கரிவாசி:

ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சுட்டு இருந்தேன். கனடாவுல இத்தனை தமிழ் ஆளுங்க இருக்கோம், 90கள்ல ரெஸ்லிங் ஓடாத டிவி கம்மி, அதுல ஹிட்மேன் பிரெட் ஹார்ட்டோட மேட்ச்சுக்குப் போனவங்க, நேர்ல பேசினவங்க, ரோட்டுல எதிர்ல பார்த்தவங்கன்னு யாராச்சும் இருந்தா எழுதுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

நான் பார்த்தது ரிங்ல இல்ல. கால்கரி சேடில்டோம்ல ஹிட்மென் டீமோட ஹாக்கி மேட்ச்சுக்குப் போயிருந்தேன். அந்த ஜூனியர் ஹாக்கி டீமுக்குப் பேரே இவரால வந்ததுதான், 1994ல டீமை ஆரம்பிச்ச முதலாளிகள்ல இவரும் ஒருத்தர். இடைவேளையில காபி வாங்க வெளிய வந்தா, நடைபாதையில ஒரு கூட்டம், நடுவுல அவர். வயசாயிருச்சு, முடி நரைச்சுருச்சு, ஆனா அந்த நடை மாறல. சின்னப் பசங்க போட்டோ கேக்க ஒவ்வொருத்தருக்கும் குனிஞ்சு நின்னார். எனக்குக் கிட்ட போகத் தைரியம் வரல, தள்ளி நின்னு பார்த்துட்டே இருந்தேன், காபி ஆறிப்போச்சு.

இந்த ஊர்ல ஹார்ட் குடும்பம்னா அது வேற மரியாதை. அப்பா ஸ்டூ ஹார்ட் நடத்தின ஸ்டாம்பீட் ரெஸ்லிங் வெள்ளிக்கிழமை ராத்திரி விக்டோரியா பெவிலியன்ல நடக்கும். என்னோட வேலை பார்த்த ஒரு பெரியவர் சின்ன வயசுல வாராவாரம் போவாராம், வாசல்ல புரோகிராம் புத்தகம் வித்துட்டு நின்ன பொடிப்பசங்கதான் ஹார்ட் வீட்டுப் பசங்கன்னு சொல்லுவார். 12 பிள்ளைங்க, பிரெட் எட்டாவது, 1957ல பொறந்தவர். வீட்டுக்குக் கீழ டஞ்சன்னு சொல்ற ஒரு ரூம், அதுல தான் ஸ்டூ எல்லாரையும் பிடி போட்டுக் கத்துக் குடுப்பார், வந்தவங்க கத்துற சத்தம் மேல வீட்டுக்குள்ள கேக்கும்னு பிள்ளைங்களே பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. பிரெட் ஸ்கூல் நாள்லயே அமெச்சூர் மல்யுத்தத்துல ஜெயிச்சவர். 84ல டபிள்யூ டபிள்யூ எஃப் கம்பெனி முதலாளி வின்ஸ் மெக்மான் அந்த ஸ்டாம்பீட் கம்பெனியை வாங்கினப்பதான் இவரும் அமெரிக்காவுக்குப் போனார். அங்க கொஞ்ச வருஷம் மச்சான் ஜிம் நைட்ஹார்ட் கூட சேர்ந்து டேக் டீம், அதாவது ஜோடியா ஆடுறது.

எனக்கு அவர்கிட்ட பிடிச்சது ஒண்ணே ஒண்ணுதான். எதிராளியோட உடம்பை நம்பிக்கையா ஒப்படைச்ச பொருள் மாதிரி பார்த்துக்கிட்டவர். என்னால யாருக்கும் பெரிய காயம் ஆனதில்லன்னு அவரே எத்தனையோ தடவை பெருமையா சொல்லியிருக்கார். முடிவு முன்னாடியே பேசினதுதான், அது எல்லாருக்கும் தெரியும், ஆனா விழறது நிஜம், முதுகு நிஜம், கழுத்து நிஜம். அடி பயங்கரமா தெரியணும், ஆனா படக்கூடாது, அந்தக் கலையில அவருக்கு மேல ஆள் இல்லன்னு நான் நெனைக்கிறேன்.

மொன்றியல்காரன்:

தம்பி, நான் 97 நவம்பர் 9 ஞாயிற்றுக்கிழமை மோல்சன் சென்ரருக்குள்ள இருந்தனான். இப்ப பெல் சென்ரர் எண்டு சொல்லினம். இவ்வளவு காலமா இதை வடிவா எழுதினதே இல்லை, இண்டைக்கு எழுதிறன்.

வேலைக்குப் போற இடத்துப் பொடியள் கொஞ்சப் பேரோட போனனான், மேல் தட்டில இருக்கை. உள்ள போகேக்கையே எங்களுக்குத் தெரியும் பிறெட் வேற கொம்பனிக்குப் போறார் எண்டு, பேப்பரிலயும் இன்ரர்நெற்றிலயும் கதை அடிபட்டுக்கொண்டு இருந்தது. 96இல அவரோட 20 வருசக் கொன்ராக்ட் போட்டுப்போட்டு, ஒரு வருசம் ஆகேல்லை, காசு இல்லை நீ மற்றக் கொம்பனியோட கதை எண்டு வின்ஸ் சொல்லிப்போட்டார். பிறெட் சம்பியன், பெல்ட் அவரிட்ட. கனடாவில வைச்சு எதிராளி ஷோன் மைக்கல்ஸிட்ட தோக்க மாட்டன், வேற எங்கயும் வேற ஆளிட்டக் குடுக்கிறன் எண்டு நிண்டவர், கடைசி முப்பது நாளுக்கு என்ன நடக்கவேணும் எண்டு தீர்மானிக்கிற உரிமையும் அவற்ற கொன்ராக்டில இருந்தது. இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிஞ்சது.

ஷோன் வந்தவுடன எங்கட கொடியைக் கேவலப்படுத்தினான். சனம் கொதிச்சுப்போச்சு. எனக்குப் பக்கத்தில இருந்த பிரெஞ்சுக்காரர், கியூபெக் தனிநாடாப் போகவேணும் எண்டு ரெண்டு வருசத்துக்கு முந்தின வாக்கெடுப்பில ஓம் எண்டு போட்டதாகச் சொன்ன மனுசன், அவரும் எழும்பி நிண்டு கத்தினார். சண்டை நல்லாப் போய்க்கொண்டிருந்தது, இன்னும் நேரம் கிடக்கு எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறம், ஷோன் பிறெட்டின்ர சொந்தப் பிடியான ஷார்ப்ஷூட்டரையே அவருக்குப் போட்டான், பிறெட் திருப்பி அவன்ர காலைப் பிடிக்கப் போறார், டிங் டிங் எண்டு மணி அடிக்குது. பிறெட் தோல்வியை ஒத்துக்கொண்டு கையால தட்டவே இல்லை. நடுவர் ஏர்ல் ஹெப்னர் ஒரே ஓட்டம். ரிங்குக்குக் கீழ வின்ஸ் நிக்கிறார்.

ஒரு கொஞ்ச நேரம் ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கேல்லை. பிறகு பிறெட் எட்டி வின்ஸின்ர முகத்தில துப்பினார். அப்பதான் எங்களுக்கு விளங்கினது இது ஆட்டத்தில இல்லை எண்டு. ரீவியில அதோட நிண்டுபோச்சு, நாங்கள் மிச்சத்தையும் பாத்தனாங்கள். பக்கத்தில இருந்த மொனிற்றர், சாமான் எல்லாத்தையும் போட்டு உடைச்சார், விரலால காத்தில தான் போற கொம்பனியின்ர பேரை, டபிள்யூ சி டபிள்யூ எண்டு, எழுதிக் காட்டினார், தம்பி ஓவனும் மச்சான்மார் டேவியும் நைட்ஹார்ட்டும் ரிங்குக்குள்ள வந்து அவரைச் சமாதானப்படுத்தினவை. சனம் கையில கிடைச்ச குப்பை எல்லாம் எறிஞ்சது. வெளியில வந்து மெற்றோவில ஏறியும் ஒருத்தரும் சத்தமில்லாமல் இருக்கேல்லை, முழுக்க அதே கதைதான். உள்ளுக்குள்ள பிறெட் வின்ஸுக்கு ஒரு குத்து விட்டவர் எண்டதும் பிறகுதான் தெரிய வந்தது.

நெல்லைச்சீமை:

அண்ணாச்சி, படிக்கும்போதே மேலெல்லாம் என்னமோ பண்ணுது. நான் கனடாவும் போனதில்ல, நேர்ல பார்த்ததும் இல்ல. எங்க ஊர்ல பெட்டிக்கடையில டபிள்யூ டபிள்யூ எஃப் கார்டு விப்பாங்க, ரேங்க், உயரம், வெயிட், பைசெப்ஸ், எத்தன ஃபைட் ஜெயிச்சான்னு எல்லாம் போட்டுருக்கும், அதை வச்சு ஆடுவோம். யோகோசுனா கார்டு வந்தா வெயிட்ட சொல்லி எல்லாத்தையும் அள்ளிரலாம். பிரெட் ஹார்ட் ஆள் அவ்ளோ பெருசு கிடையாது, ஆனாலும் அந்தக் கார்ட நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். ரோஸும் கருப்பும் டிரெஸ், ரிங்குக்கு வரும்போது கண்ணாடியக் கழட்டி முன்னால நிக்குற ஒரு சின்னப் பிள்ளைக்கு மாட்டி விடுவாருல்ல, அந்த இடம் வர்ற வரைக்கும் சோத்துத் தட்டுல கை வைக்க மாட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும். மாண்ட்ரியல்ல நடந்தது பிரெட்டும் சேர்ந்து போட்ட பிளான்னு சிலபேர் இன்னும் சொல்லுதாங்களே?

மொன்றியல்காரன்:

இல்லைத் தம்பி. அந்த நேரம் ஒரு ஆவணப்படக் குழு பிறெட்டுக்குப் பின்னால திரிஞ்சது, வின்ஸோட தனிய கதைச்சதும் மைக்கில பதிவாகிக் கிடக்கு. அதைக் கேட்டால் விளங்கும். அதோட ஒரு மனுசன் 12 வருசத்துக்கு மேல ஒரு நாடகத்துக்காகக் கோவம் வைச்சிருக்க மாட்டான்.

எட்மண்டன் கொங்கு:

நம்ம ஆல்பர்ட்டா கதையையும் சேர்த்துக்குங்க. அதே 97ல ஜூலை 6, கால்கரியில கனேடியன் ஸ்டாம்பீட்னு ஒரு ஷோ, ஊர்த் திருவிழா நேரம் வேற. எட்மண்டன்ல இருந்து முந்நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டுப் போனோமுங்க. அப்ப நெலவரம் என்னன்னா, மார்ச்ல ரெஸில்மேனியா 13ல ஸ்டீவ் ஆஸ்டினை ரத்தம் ஒழுக ஒழுக ஷார்ப்ஷூட்டர்ல போட்டாருங்களே, ஆஸ்டின் தட்டாம மயங்கினாப்ல, அதுல இருந்து அமெரிக்காவுல ஆஸ்டின் ஹீரோ, பிரெட் வில்லன். ஆனா எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தா அப்படியே தலைகீழ். அங்க கூவுனாங்க, இங்க சாமி.

அன்னிக்குக் கடைசி மேட்ச் அஞ்சு பேருக்கு அஞ்சு பேரு. பிரெட், தம்பி ஓவன், மச்சானுங்க டேவியும் நைட்ஹார்ட்டும், பிரையன் பில்மன் ஒரு பக்கம். அந்தப் பக்கம் ஆஸ்டின், ஷாம்ராக், கோல்ட்டஸ்ட், அப்புறம் லீஜன் ஆஃப் டூம்ங்கற ரெண்டு பேர் ஜோடி. ஒவ்வொருத்தரா வரும்போது சேடில்டோம்ல காது அடைச்சுப்போச்சு, கடைசியா பிரெட் வந்தப்ப பக்கத்துல இருக்கறவன் பேசறது வாயசைவுலதான் தெரிஞ்சுது. முன் வரிசையில ஸ்டூவும் ஹெலன் அம்மாவும் உக்காந்திருந்தாங்க. கடைசியில ஆஸ்டினைச் சுருட்டிப் புடிச்சு ஜெயிச்சது பிரெட் இல்லீங்க, ஓவன். அது எனக்கு ரொம்பப் புடிச்சுது, சொந்த ஊர்ல தம்பிக்கு விட்டுக் குடுத்தாங்க. அப்புறம் அப்பா அம்மா, அண்ணன் தம்பி, பேரன் பேத்தின்னு மொத்தக் குடும்பமும் ரிங்ல ஏறுச்சு. ரிங்ல எடமே இல்லீங்க.

ரெண்டு வருசம் கூட முழுசா ஆகல. 99 மே 23, கன்சாஸ் சிட்டியில ஓவனை மேல கூரையில இருந்து கயித்துல இறக்கற ஐட்டம், கொக்கி கழண்டு நேரா ரிங்குக்கு விழுந்துட்டாப்ல. 34 வயசு. அதுக்கப்புறமும் ஷோவை நடத்துனாங்க பாருங்க, அதை என்னால இன்னிக்கு வரைக்கும் ஏத்துக்க முடியல. பிரெட் அப்ப விமானத்துல இருந்தாரு. அக்டோபர்ல அதே அரங்கத்துல தம்பி நெனப்புக்காக ஒரு மேட்ச் ஆடுனாரு, எதிர்ல எங்க ஊர்ல வளந்த கிறிஸ் பெனுவா. மேட்ச்னு பாத்தா அருமையான மேட்ச், ஆனா பெனுவா பின்னாடி சொந்தப் பொண்டாட்டி புள்ளையைக் கொன்னதுக்கப்புறம் அதைப் போட்டுப் பாக்க மனசு வர்றதில்லீங்க.

ஸ்காபரோ அக்கா:

எல்லாரும் ரெசிலிங் தெரிஞ்ச ஆக்களா எழுதிறியள், நான் அப்பாவால பாத்தனான். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடப்பக்கம் விழுந்துபோச்சு. ஆஸ்பத்திரியால வீட்டை வந்தாப் பிறகு பயிற்சி செய்ய மாட்டார், ஒருத்தரோடயும் கதைக்க மாட்டார், கதவைச் சாத்திப்போட்டுப் படுத்திருப்பார். தம்பிதான் ஒருநாள் வந்து சொன்னவன், அப்பா, பிறெட் ஹார்ட்டுக்கும் இதேதான் வந்தது எண்டு. 2002 ஜூன்ல சைக்கிள் ஓடேக்க விழுந்து தலை அடிபட்டு, ஸ்ட்ரோக் வந்து இடப்பக்கம் முழுக்க இயங்காமல் போனது. மாசக்கணக்கா பயிற்சி செய்து எழும்பினவர். அப்பா வன்னியில இருந்து வந்த மனுசன், ரெசிலிங் எல்லாம் ரொறன்ரோ வந்துதான் பழகினவர், ஆனா பிறெட் எண்டால் உயிர். அதுக்குப் பிறகு பயிற்சிக்கு மாட்டன் எண்டு சொன்னால் நாங்கள் அந்தப் பேரைத்தான் சொல்லுவம்.

2010 மே மாசம் எயார் கனடா சென்ரரில ரோ எண்ட ரெசிலிங் ரீவி ஷோ நடந்தது, பிறெட் வாறார் எண்டு கேள்விப்பட்டு அப்பாவைத் தடியோட கூட்டிக்கொண்டு போனம். அண்டைக்கு அவர் மிஸ் எண்ட ஆட்டக்காரரை வெண்டு அமெரிக்கச் சம்பியன் பட்டம் எடுத்தவர். அவருக்குத் தலையில அடி படக்கூடாது, பெரிசா விழவும் கூடாது, அதால மற்றவையும் உள்ள வந்து உதவி செய்துதான் அந்தச் சண்டை முடிஞ்சது. குறை சொல்லுற ஆக்கள் சொன்னவை இது என்ன மச் எண்டு. எனக்கு அது பிரச்சினையே இல்லை. அவர் ஷார்ப்ஷூட்டர் போடேக்க இடது காலை எப்பிடி ஊண்டுறார் எண்டுதான் அப்பா பாத்துக்கொண்டிருந்தவர், என்ர கையைத் தட்டித் தட்டிக் காட்டினவர், பார் பார் ஊண்டிறான் எண்டு. சனம் முழுக்க எழும்பி நிண்டது, அப்பாவும் தடியைப் பிடிச்சுக்கொண்டு எழும்பினவர்.

பிறகு ஒருக்கா கையெழுத்து வாங்கிற லைனிலயும் நிண்டம். அப்பாவுக்கு இங்கிலீஷ் பெரிசா வராது, இடது கையைத் தூக்கிக் காட்டினவர், அவ்வளவுதான். பிறெட் எழும்பி அந்தக் கையைப் பிடிச்சவர், வலதுகையை இல்லை. படம் எங்கட ஹோலில மாட்டியிருக்கு.

கால்கரிவாசி:

அக்கா, நீங்க எழுதினதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

அவரோட ரிங் வாழ்க்கை முடிஞ்சதை யாரும் எழுதல, நானே எழுதிடறேன். 99 டிசம்பர் 19, வாஷிங்டன்ல டபிள்யூ சி டபிள்யூ ஷோல, எதிர்ல ஆடின கோல்ட்பர்க் விட்ட ஒரு உதை தலையில நேரா பட்டுருச்சு. மூளைக்கு அதிர்ச்சி. அது தெரியாம அதுக்கப்புறமும் கொஞ்ச வாரம் மேட்ச் ஆடினார், அதுதான் இன்னும் மோசம். 2000ல ரிடையர் ஆயிட்டார், அக்கா பார்த்த 2010 மேட்ச் எல்லாம் அதுக்கப்புறம் எப்பவாச்சும் வந்து ஆடினதுதான். இருபது வருஷத்துக்கு மேல மத்தவங்க உடம்பை அவ்ளோ கவனமா பார்த்துக்கிட்ட ஆளோட தொழில், இன்னொருத்தர் சரியா அளந்து விடாத ஒரு உதையில முடிஞ்சதுங்கறது எனக்கு இன்னும் ஆறாத விஷயம். கோல்ட்பர்க் வேணும்னு செய்யல, அவரே பல தடவை வருத்தம் சொல்லியிருக்கார். ஆனா அனுபவம் பத்தாத ஆளை அத்தனை வேகமா மேல கொண்டுபோன கம்பெனிக்குத்தான் அதுல பெரிய பங்கு.

நெல்லைச்சீமை:

எம் மவனுக்கு இப்பதான் ரெஸ்லிங் பைத்தியம் பிடிச்சுருக்கு. பிரெட் மேட்ச் ஒண்ணு காட்டணும்னா எதுல ஆரம்பிக்கட்டும்?

மொன்றியல்காரன்:

92 ஓகஸ்ட், லண்டன் வெம்ப்ளி ஸ்ரேடியம், மச்சான் டேவி பாய் ஸ்மித்தோட. எண்பதாயிரம் சனம் முழுக்க டேவிக்குத்தான் கத்துது, டேவிக்கு பேசிவைச்சதெல்லாம் மறந்துபோய் பிறெட்தான் ஒவ்வொண்டாச் சொல்லிச் சொல்லிக் கொண்டுபோனதாகப் பிறெட்டே சொல்லியிருக்கிறார். கடைசியில தோக்கிறதும் பிறெட்தான். அவர் எப்பிடித் தோத்தார் எண்டு பாத்தால் பிள்ளைக்கு அவர் எப்பிடிப்பட்ட ஆட்டக்காரர் எண்டு விளங்கும். அதுக்குப் பிறகு 94 ரெஸில்மேனியாவில ஓவனோட, அதுக்குப் பிறகு ஆஸ்டினோட 97. மொன்றியலைக் கொஞ்சம் வளந்தாப் பிறகு காட்டுங்கோ.