மெஜெண்டோவுல காஸ்மிக்ஸ்டிங் பேட்ச் போட்டாச்சு, ஆனாலும் செக்கவுட் பேஜ்ல தெரியாத ஸ்கிரிப்ட் வருது

மலர்_டெவ்:
வணக்கம் எல்லாருக்கும். ஒரு கிளையண்டோட ஆன்லைன் கடை சமீபத்துலதான் எங்க டீம் கைக்கு வந்துச்சு, மெஜெண்டோ ஓப்பன் சோர்ஸ்ல (ஆன்லைன் கடை நடத்தற அடோபியோட இலவச சாஃப்ட்வேர்) ஓடுது. முன்னாடி பாத்துட்டு இருந்த ஏஜென்சி 2024 ஆகஸ்ட்லயே காஸ்மிக்ஸ்டிங்ன்ற பாதுகாப்பு ஓட்டைக்கு பேட்ச் (அத அடைக்கற அப்டேட்) போட்டுட்டோம்னு எழுதிக் குடுத்திருக்காங்க, நானும் செக் பண்ணேன், அந்த ஓட்டைய அடைச்ச 2.4.5-பி8 வெர்ஷன்தான் ஓடுது. இப்ப கஸ்டமர் ஒருத்தங்க கார்டு நம்பர் ரெண்டு தடவ கேக்குதுன்னு கம்ப்ளைண்ட் பண்ண, ப்ரௌசர்ல திறந்து பாத்தா செக்கவுட் பேஜ்ல ஏதோ ஒரு டொமைன்ல இருந்து ஜாவாஸ்கிரிப்ட் லோடு ஆகுது. தீம், மாட்யூல் எல்லாத்தையும் கிட்ல (நாங்க கோட் சேமிச்சு வெக்கற இடம், Git) இருக்கறதோட ஒப்பிட்டுப் பாத்தாச்சு, ஒரு எழுத்து மாறல. அட்மின் யூசர் லிஸ்ட்லயும் புதுசா யாரும் இல்ல. பேட்ச் போட்ட கடைக்குள்ள எப்படி வந்தாங்க? வேற புது ஓட்டையா?

செர்வர்_சேது:
புது ஓட்டை எதுவும் தேவையே இல்லங்க, பழசே போதும். முதல்ல ஃபைல்ல தேடறத விட்டுட்டு டேட்டாபேஸ்ல சிஎம்எஸ் பிளாக் டேபிளப் (பேஜ்ல வர்ற துண்டு உள்ளடக்கம் இருக்கற இடம்) பாருங்க, அப்புறம் கோர் கான்ஃபிக் டேட்டான்ற செட்டிங்ஸ் டேபிள்ல ஹெட், ஃபுட்டர்ல எச்டிஎம்எல் சேர்க்கற வரிகளப் பாருங்க. ஸ்கிரிப்ட் பெரும்பாலும் அங்கதான் உக்காந்திருக்கும்.

இப்ப எப்படி வந்தாங்கன்றது. காஸ்மிக்ஸ்டிங், அதாவது சிவிஇ-2024-34102 (சிவிஇன்றது ஓட்டைகளுக்குக் குடுக்கற பதிவு எண்), ஆபத்து அளவுல 10க்கு 9.8 மார்க் வாங்குன ஓட்டை. கார்ட்ல பொருள் போட்டா ஷிப்பிங் எவ்வளவு ஆகும்னு லாகின் பண்ணாதவங்களுக்கும் காட்டணும் இல்லையா, அதுக்கு ஒரு ரெஸ்ட் ஏபிஐ (வெளியில இருந்து புரோகிராம் கூப்பிடற வழி) இருக்கு, அதுக்கு பாஸ்வேர்டு டோக்கன் எதுவும் கிடையாது. நாம அனுப்புற ஜேசான் (JSON) டேட்டாவ மெஜெண்டோ அப்படியே பிஎச்பி ஆப்ஜெக்டா மாத்தும், கன்ஸ்ட்ரக்டர்ல என்ன டைப் கேக்குதோ அத உருவாக்கும், அதுக்குள்ள இன்னொண்ணு, அதுக்குள்ள இன்னொண்ணுன்னு போய்க்கிட்டே இருக்கும், அந்த வழியா போய் எக்ஸ்எம்எல் படிக்கற கிளாஸ் வரைக்கும் ஒருத்தன் போயிட முடிஞ்சுது. அங்க தன்னோட சர்வர்ல இருக்கற எக்ஸ்எம்எல்ல படின்னு சொல்றான், அந்த எக்ஸ்எம்எல் உங்க சர்வர்ல இருக்கற ஃபைல எடுத்து அவனுக்கே அனுப்பி வெச்சிடும். லாகின் இல்லாம எல்லாமே ஒரே ரிக்வெஸ்ட்ல முடிஞ்சுது.

எந்த ஃபைல எடுப்பான்னு நினைக்கிறீங்க, ஆப் ஃபோல்டர்ல ஈடிசிக்குள்ள இருக்கற என்வி ஃபைல்தான். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதுல இருக்கு, அதவிட முக்கியமா கிரிப்ட் கீ, அதாவது கடையோட ரகசிய என்கிரிப்ஷன் கீ, அதுல இருக்கு. மெஜெண்டோ 2.4.4ல இருந்து அட்மின் ஏபிஐ டோக்கன் ஜேடபிள்யூடியா (JWT, கையெழுத்து போட்ட அனுமதிச் சீட்டு மாதிரி) மாறிடுச்சு, அதுல கையெழுத்து போடறது அந்தக் கீதான். அந்தக் கீ கையில இருந்தா நான்தான் அட்மின்னு அவனே டோக்கன் அடிச்சுக்கலாம், சர்வர் நம்பிடும். புது யூசர் உருவாக்க வேண்டிய அவசியமே இல்ல, அதனாலதான் உங்க லிஸ்ட் சுத்தமா இருக்கு. ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்ப் திருடு போனதுக்கப்புறம் கதவுக்குப் பூட்டு மாத்துன கதைதான் இது, ஸ்டாம்ப் இன்னும் அவன்கிட்டயே இருக்கு.

அடோபி பேட்ச் விட்டது 2024 ஜூன் 11. அமெரிக்காவோட சைபர் பாதுகாப்பு அமைப்பு சிசா இத ஏற்கெனவே தாக்கிக்கிட்டு இருக்கற ஓட்டைகள் லிஸ்ட்ல சேத்தது ஜூலை 17. உங்க ஏஜென்சி போட்டது ஆகஸ்ட். நடுவுல கீ போயிருக்கும்னு வெச்சுக்கிட்டுதான் வேலை பாக்கணும்.

மலர்_டெவ்:
சேது அண்ணே, சொன்ன மாதிரியே இருக்கு. ஃபுட்டர் பிளாக் ஒண்ணுல கடைசியில நிறைய ஸ்பேஸ் விட்டு அதுக்கப்புறம் ஸ்கிரிப்ட். இப்ப எடுத்துட்டேன். அட்மின் பேனல்ல மேனேஜ் என்கிரிப்ஷன் கீ பேஜ்ல போய் புது கீ உருவாக்கிட்டா முடிஞ்சுதா?

தேன்மொழி_செக்யூரிட்டி:
இல்ல மலர், இந்த இடத்துலதான் நிறைய பேர் பாதியில நிறுத்திடறாங்க. மெஜெண்டோவுல கீ மாத்தும்போது பழைய கீ அழியாது, பழைய கீயால பூட்டுன டேட்டாவ திறக்கணும்னு அதையும் என்வி ஃபைல்ல அடுத்தடுத்த வரியா வெச்சிருக்கும். ஜேடபிள்யூடி சரிபாக்கற கோடு அந்தப் பழைய கீயையும் ஏத்துக்கிட்டு இருந்துச்சு, அதனால கீ மாத்துன கடைகள்லயும் திருடன் அடிச்ச டோக்கன் செல்லுபடியாச்சு. அப்புறம்தான் கடைசி கீய மட்டும் ஏத்துக்கற மாதிரி அடோபி தனியா ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்தம்) விட்டாங்க, அது உங்க கோட்ல இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அதப் போட்டுட்டு கீ மாத்துங்க. போட்டதுக்கப்புறம் பழைய கீயால நீங்களே ஒரு டோக்கன் அடிச்சு ஏபிஐ கூப்பிட்டுப் பாருங்க, 401 (அனுமதி இல்லன்ற பதில்) வரணும். அத கண்ணால பாக்காம கிளையண்ட்கிட்ட சரியாயிடுச்சுன்னு சொல்லாதீங்க.

தேர்ட் பார்ட்டி மாட்யூல் ஏதாவது தனியா என்கிரிப்ட் பண்ணி வெச்சிருந்தா அது கீ மாத்தும்போது தானா மாறாது, ஸ்டேஜிங்ல (சோதனைக்கு வெச்சிருக்கற காப்பி) ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு பண்ணுங்க. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, பேமெண்ட் கேட்வே சீக்ரெட், மெயில் அனுப்பற சர்வீஸோட கீ, எல்லாத்தையும் மாத்தணும். அந்த சர்வர்ல வெப் யூசரால படிக்க முடிஞ்ச எதுவும் இனி ரகசியம் இல்ல.

குமார்_ஹோஸ்டிங்:
சின்ன கடைதானே, இவ்வளவு வேலை வேணுமா? ஸ்கிரிப்ட் எடுத்தாச்சு, வெர்ஷன் புதுசு. பெரிய பிராண்டுகளத்தானே குறி வெப்பாங்க.

செர்வர்_சேது:
குமார், யாரும் கடைய பாத்து தேர்ந்தெடுக்கறதில்ல, எல்லாம் ஆட்டோமேட்டிக் ஸ்கேன். காஸ்மிக்ஸ்டிங்னு பேர வெச்ச சான்செக்ன்ற செக்யூரிட்டி கம்பெனி 2024 அக்டோபர்ல குடுத்த கணக்குப்படி மாட்டுனது 4,275 கடை, மொத்த அடோபி காமர்ஸ், மெஜெண்டோ கடைகள்ல 5 சதவீதம். 7 வேற வேற குழு இறங்கியிருந்தாங்க, சில கடைகள்ல ஒண்ணுக்கு மேல குழு மாறி மாறி புகுந்து ஒருத்தன் ஸ்கிரிப்ட இன்னொருத்தன் தூக்கிட்டு தன்னோடத போட்டுக்கிட்டு இருந்தாங்க. கீய மாத்தாம ஸ்கிரிப்ட மட்டும் நீங்க எடுத்தா உங்களையும் இன்னொரு குழுன்னு நினைச்சு திரும்பப் போடுவாங்க. போற கார்டு நம்பர் நம்மள நம்பி வாங்க வந்தவங்களோடது, கடை சின்னதுன்னு அவங்க பணம் சின்னதாயிடாது.

மலர், இன்னொண்ணு. லினக்ஸோட அடிப்படை லைப்ரரி ஜிலிப்சில (glibc) ஐகான்வ்ன்னு ஒரு பகுதியில சிவிஇ-2024-2961ன்னு ஒரு ஓட்டை இருந்துச்சு, ரெண்டையும் சேத்தா ஃபைல் படிக்கறது சர்வர்ல கோடு ஓட்டறதா மாறிடும். அதனால ஓஎஸ் அப்டேட் எப்ப ஆச்சுன்னு பாருங்க, கிரான்ல (நேரம் வெச்சு தானா ஓடற வேலைகளோட லிஸ்ட்) தெரியாத வரி இருக்கான்னு வெப் யூசரோடது உட்பட எல்லா யூசருக்கும் பாருங்க. சந்தேகம் இருந்தா சர்வரையே புதுசா கட்டிடறது நல்லது.

மலர்_டெவ்:
ஆக்சஸ் லாக்ல எதத் தேடணும்? போஸ்ட் ரிக்வெஸ்ட்கூட வர்ற டேட்டா (பாடி) எங்க லாக்ல பதிவாகல.

தேன்மொழி_செக்யூரிட்டி:
பாடி இல்லன்னா பரவால்ல. கெஸ்ட் கார்ட்ஸ், எஸ்டிமேட் ஷிப்பிங் மெத்தட்ஸ்னு வர்ற யூஆர்எல்லுக்கு (சேது சொன்ன ஷிப்பிங் ஏபிஐ) வந்த போஸ்ட் ரிக்வெஸ்ட்கள எடுங்க, அதுல அதே ஐபி ஒரு ப்ராடக்ட் பேஜ் கூட திறக்காம நேரா வந்திருந்தா அது கஸ்டமர் இல்ல. அடுத்து சிஎம்எஸ் பிளாக் ஏபிஐக்கு வந்த புட் (PUT, இருக்கறத மாத்தற) ரிக்வெஸ்ட்கள். அந்த முதல் புட் தேதியில இருந்து நீங்க ஸ்கிரிப்ட் எடுத்த நேரம் வரைக்கும் வந்த கார்டு ஆர்டர் எல்லாத்தையும் பாதிக்கப்பட்டதா எண்ணிக்கங்க. லாக் அவ்வளவு பழசு இல்லன்னா பேக்கப்ல எந்த நாள்ல இருந்து அந்த பிளாக் மாறியிருக்குன்னு பாருங்க. எதையும் அழிக்கறதுக்கு முன்னாடி லாக், டேட்டாபேஸ் ரெண்டும் காப்பி எடுத்து வேற இடத்துல வைங்க.

கிளையண்ட் இந்தியாவுல இருக்கற கம்பெனின்னா தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள செர்ட்-இன்னுக்கு (இந்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு, CERT-In) சொல்லணும், 2022 ஏப்ரல் உத்தரவு அது. நீங்க இங்க கேள்வி போட்டே நேரம் ஆயிடுச்சு, கீ வேலைய டீம்ல ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு நீங்க முதல்ல கிளையண்டக் கூப்பிடுங்க, பேமெண்ட் கேட்வேக்கு அவங்க இன்னிக்கே சொல்லியாகணும்.