பழைய லாரி புகைச் சோதனையில் தேறவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எஃப்.சி.க்கு (வாகனத் தகுதிச் சான்றுக்கு) முன்பாக எடுத்த புகைச் சோதனையில், எனது 2012ஆம் ஆண்டு பி.எஸ்.3 (பாரத் ஸ்டேஜ் 3 மாசுத் தரம்) டீசல் லாரி, 65 எச்.எஸ்.யூ. (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) என்ற வரம்பைத் தாண்டி 78 காட்டிவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கரும்புகை வருகிறது; ஏற்றத்தில் இழுவையும் குறைந்துள்ளது. டீசல் பம்பைப் பிரிக்க வேண்டும் என்று பட்டறையில் கூறுகிறார்கள். அந்தச் செலவுக்கு முன் வேறு எதைப் பார்க்கலாம்?

மறுமொழி 1: கரும்புகை என்றால், உள்ளே செல்லும் காற்றுக்கு மிஞ்சிய டீசல் முழுமையாக எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். ஆகவே ஏர் ஃபில்டரையும், டர்போவிலிருந்து (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) வழியாகச் செல்லும் ஹோஸ்களில் கசிவு உள்ளதா என்பதையும் முதலில் பாருங்கள். அதன்பின் எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, அவற்றின் முனையான நாசில் திறக்கும் அழுத்தத்தையும் தெளிப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு நாசில் சொட்டினாலும் புகை கூடும். பம்பில் கைவைப்பது கடைசி வேலை. நீலப் புகையாக இருந்தால் ஆயில் எரிகிறது. அது வேறு கதை, செலவும் பெரிது.

மறுமொழி 2: சோதனையின்போது எஞ்சின் சூடாக இருந்ததா? ஆயில் 60 டிகிரி செல்சியஸையாவது எட்டியிருக்க வேண்டும். சிறிது தூரம் ஓட்டிவிட்டு, சூடு ஆறும் முன் சோதனைக்குக் கொடுங்கள்.

கேட்டவர்: டர்போ ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தது; முறுக்கியபின் இழுவை திரும்பிவிட்டது. நாசில்களை நாளை சோதனைக்குக் கொடுக்கிறேன்.