திராட்சை வரிசைக்குள் சறுக்கிய தட்டு: அபராதம் உண்டா, இல்லையா?

உப்புவெளியான் (திருகோணமலை) கேட்டது:

வணக்கம். கடந்த மார்ச்சில் மெல்பேர்ணில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, மச்சான் என்னை யாரா பள்ளத்தாக்கில் உள்ள ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். தோட்டத்தின் ஓரங்களையும் கொடிவரிசைகளுக்கு நடுவே இருந்த புல் பாதைகளையும் பயன்படுத்தி, ஒன்பது கூடைகள் கொண்ட டிஸ்க் கோல்ஃப் மைதானம் ஒன்றை அங்கே அமைத்திருந்தார்கள். கோல்ஃப் என்றவுடன் நம்மவர்களுக்குச் சீனக்குடாவில் விமானப்படையினரின் புல்வெளிதான் நினைவுக்கு வரும். இதில் பந்தும் மட்டையும் கிடையாது. ஒரு சாண் அகலமுள்ள, விளிம்பு கூர்மையான பிளாஸ்டிக் தட்டை எறிந்து, அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிந்து, கடைசியில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழுத்த வேண்டும். குறைந்த எறிகளில் முடிப்பவர் வென்றவர்.

ஆறாவது கூடையில் எங்களுக்குள் தகராறு வந்தது. என் தட்டு இடப்பக்கமாகச் சரிந்து புல்லில் விழுந்து, சறுக்கிக்கொண்டு போய்க் கொடிவரிசையின் அடியில் நின்றது. மச்சான் உடனே, "வெளியே போய்விட்டது, ஒரு எறி அபராதம்" என்றார். முகப்பில் இருந்த பலகை வரிசைக்குள் நுழையக்கூடாது என்றுதானே சொல்கிறது, அபராதம் என்று எங்கே சொல்கிறது என்று நான் கேட்டேன். பிறகு ஒரு காலை வரிசைக்குள் மடக்கி ஊன்றி, பறவை வலைக்குக் கீழே குனிந்து, எப்படியோ எறிந்து முடித்தேன். ஆட்டத்தின் முடிவில் எனக்கு 34, அவருக்கும் 34. அபராதத்தைச் சேர்த்தால் நான் தோற்றவன். அவர் ஜூலையில் திருகோணமலைக்கு வருகிறார். அதற்குள் இதற்கு ஒரு தீர்ப்பு வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது. மச்சான் முன்கூட்டியே அனுப்பியிருந்த அதே தட்டைக் கொண்டு ஜனவரி, பெப்ரவரி முழுவதும் உப்புவெளிக் கடற்கரையில் நிலாவெளிப் பக்கம் பார்த்து எறிந்து பழகினேன். அங்கே கோடு போட்டதுபோல நேராகப் போன தட்டு, தோட்டத்தில் ஒவ்வொரு முறையும் கடைசியில் இடப்பக்கம் சரிந்தது. நான் வலக்கைக்காரன். உடம்பின் குறுக்கே கையை இழுத்துப் புறங்கை முன்னே வரும்படி எறிபவன். கையில் என்ன பிழை?

கோட்டைமான் (மெல்பேர்ண், சொந்த ஊர் திருகோணமலை) எழுதியது:

உங்கள் கையில் பிழை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வருகிறேன். வழக்கை முதலில் பார்ப்போம்.

கொடிவரிசை என்ற காரணத்தால் மட்டும் ஓர் இடம் எல்லைக்கு வெளியே ஆகிவிடாது. மைதானத்தை அமைத்தவர் அப்படி அறிவித்திருக்க வேண்டும். அவர் அதை "வெளி" என்று அறிவித்திருந்தால் ஒரு எறி அபராதம். நுழையாமல் தட்டை வெளியே எடுத்து வைத்து அபராதமின்றி ஆடலாம் என்றும் அவர் அறிவித்திருக்க முடியும். விதிகள் இரண்டுக்கும் இடம் தருகின்றன. ஆகவே உங்களுக்கும் மச்சானுக்கும் இடையிலான வழக்கை அந்தப் பலகையில் எழுதியிருந்த சொற்கள்தான் தீர்க்கும். அதைப் படம் எடுத்தீர்களா?

இன்னொன்றையும் கவனியுங்கள். கிரிக்கெட்டில் பந்து எல்லைக் கயிற்றைத் தொட்டாலே நான்கு ஓட்டம். இங்கே கதை வேறு. தட்டு முழுவதுமாக வெளியே கிடந்தால்தான் அது வெளியே. விளிம்பில் ஒரு விரற்கடை உள்ளே தொட்டுக்கொண்டிருந்தாலும் அது உள்ளே என்றே கணக்கு.

இனி இடப்பக்கச் சரிவு. வலக்கையால் நீங்கள் சொன்ன விதத்தில் எறியும் தட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். வேகமாகப் போகும்போது நேராகவோ சற்று வலமாகவோ செல்லும். வேகம் குறையக் குறைய, பம்பரம் தளர்ந்து சாய்வதுபோல, இடப்பக்கம் சாய்ந்து விழும். இது தட்டின் இயல்பு. எதிர்காற்று வீசினால் தட்டின்மீது மோதும் காற்றின் வேகம் கூடுகிறது. நீங்கள் அதிக வேகத்தில் எறிந்துவிட்டதாகத் தட்டு எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே அது வலப்பக்கம் இழுபடும், இடப்பக்கச் சரிவும் தாமதப்படும். ஜனவரியில் உப்புவெளியில் நின்று நிலாவெளியைப் பார்த்து எறிந்தால் வாடைக்காற்று ஏறக்குறைய உங்கள் முகத்துக்கு நேரே வரும். இரண்டு மாதமாக உங்கள் தட்டை நேராக்கிக் கொடுத்தது அந்தக் காற்றுதான். தோட்டத்தில் காற்று இல்லாதபோது தட்டு தன் சொந்தக் குணத்தைக் காட்டியிருக்கிறது.

திறந்த வெளியில் மூன்று மீற்றர் இடப்பக்கம் போனால் யாருக்கும் நட்டமில்லை. நடந்து போய் எடுத்து எறியலாம். கொடிவரிசைகளுக்கு நடுவே அந்த மூன்று மீற்றர்தான் முழுப் பாதையின் அகலமே. அதோடு கம்பிகளும் வலையும் இருப்பதால் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குக் குறுக்கே போக முடியாது. கோடி வரை நடந்து சுற்றி வர வேண்டும். அதனால் இப்படிப்பட்ட மைதானங்களில் நான் தூரம் போகும் தட்டைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. வேகம் குறைந்த, விளிம்பு மழுங்கிய தட்டால் நாற்பது, ஐம்பது மீற்றர் நேராக எறிந்து, இன்னொரு எறியால் கூடையை அணுகுவேன். கூட வரும் இளைஞர்கள் சிரிப்பார்கள். அவர்கள் தட்டைத் தேடி முடிக்கும் வரை நான் கூடையருகே நின்று தண்ணீர் குடிப்பேன்.

வரிசைக்குள் நுழையாதே என்று அங்கே எழுதுவதற்கு ஆட்டத்தோடு தொடர்பில்லாத ஒரு காரணமும் உண்டு. ஃபிலொக்சரா என்று ஒரு நுண்ணிய மஞ்சள் பூச்சி இருக்கிறது. திராட்சையின் வேரை உறிஞ்சிக் கொடியைக் கொல்லும் இந்தப் பூச்சிதான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. விக்டோரியா மாநிலத்தில் 1877இல் ஜீலோங் அருகே முதன்முதலாகக் காணப்பட்டது. யாரா பள்ளத்தாக்கில் 2006இல் கண்டறியப்பட்டது. ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரில் நிற்கும் பழைய கொடிகளுக்கு இதிலிருந்து தப்ப வழியில்லை. சப்பாத்தில் ஒட்டிய மண்ணோடு அது அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும் என்பதால், பல தோட்டங்களில் சப்பாத்துகளைக் குளோரின் கரைசலில் ஒரு நிமிடம் தோய்த்த பிறகே கொடிகளுக்கருகே விடுவார்கள். நீங்கள் காலை உள்ளே ஊன்றியதை உரிமையாளர் பார்க்காதது உங்கள் அதிர்ஷ்டம்.

பந்தல்காரி (அன்புவழிபுரம்) எழுதியது:

எனக்கு இந்த விளையாட்டுத் தெரியாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் திராட்சைப் பந்தல் இருந்தது, ஆகவே கொடியின் பக்கம் நின்று இரண்டு வார்த்தை சொல்கிறேன்.

நாங்கள் தலைக்கு மேலே பந்தல் போட்டுக் கொடியைப் படரவிடுவோம். குலைகள் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கும். தம்பி சொல்லும் தோட்டத்தில் கொடியை வேலிபோலக் கம்பியில் நிறுத்தியிருப்பார்கள், குலைகள் இடுப்பளவில் இருக்கும் என்று நினைக்கிறேன். தட்டு பறக்கும் உயரமும் அதுதானே? மார்ச் அங்கே அறுவடைக் காலம். இனிப்பு ஏறிய பழத்தின் தோல் மிக மெல்லியது. ஒரு பழம் வெடித்துச் சாறு வடிந்தால் போதும், குளவி வரும், பூஞ்சணம் பிடிக்கும், நான்கு நாளில் அந்தக் குலை முழுவதும் சாம்பல் நிறத்தில் அழுகிவிடும். அப்பா எங்களைப் பந்தலின் கீழ் பந்து விளையாட விட்டதே இல்லை. ஒருமுறை என் தம்பியின் ரெனிஸ் பந்து பட்டு உதிர்ந்த பழங்களை அவனையே ஒவ்வொன்றாகப் பொறுக்கவைத்து, எண்ணவும் வைத்தார். நாற்பத்திரண்டு. இன்றைக்கும் அவனுக்கு அந்த எண் நினைவிருக்கிறது.

ஆகவே, விதி என்ன சொல்கிறதோ எனக்குத் தெரியாது, அபராதம் ஒன்று இருப்பது நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

உப்புவெளியான் எழுதியது:

அக்கா, குலைகளுக்கு வலை போட்டிருந்தார்கள், என் தட்டு வலைக்குக் கீழேதான் சறுக்கியது. ஒரு பழமும் உதிரவில்லை என்று உறுதி கூறுகிறேன்.

கோட்டைமான் அண்ணா, நீங்கள் கேட்ட பிறகு கைத்தொலைபேசியைத் துழாவினேன். தங்கை பலகையின் முன் நின்று எடுத்த படம் ஒன்று கிடைத்தது. பெரிதாக்கிப் பார்த்தால், "கொடிகளுக்குள் நுழையாதீர்" என்ற பெரிய எழுத்துகளுக்குக் கீழே சிறிய எழுத்தில், புல் முடிந்து வெறும் மண் தொடங்கும் இடத்திலிருந்து எல்லைக்கு வெளியே என்று எழுதியிருக்கிறது. அதை நான் அன்று வாசிக்கவில்லை. இந்த அளவில் மச்சான் சொன்னதே சரி.

ஆனால் அதோடு முடியவில்லை. தட்டையும் நான் படம் எடுத்திருக்கிறேன், வழக்குக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று. கொடிகளின் அடியில் ஒரு முழ அகலத்துக்குப் புல்லில்லாத மண், அதன் நடுவே சொட்டுநீர்க் குழாய், பழுப்பு நிறத்தில் இரண்டு மூன்று உதிர்ந்த இலைகள். என் செம்மஞ்சள் தட்டு பெரும்பகுதி மண்ணில் கிடக்கிறது. ஆனால் அதன் பின் விளிம்பு, நான்கு விரல் அகலம் இருக்கும், புல்லின்மேல் கிடக்கிறது. புல் நுனிகள் விளிம்புக்கு அடியில் மடிந்திருப்பதுகூடத் தெளிவாகத் தெரிகிறது.

நீங்கள் சொன்ன விதிப்படி என் தட்டு உள்ளே. அபராதம் இல்லை. 34 என்றால் 34 தான். சரிதானே?

பட்டறை (கன்னியா வீதி) எழுதியது:

வழக்கை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். ஜூலையில் மச்சான் வந்தால் எந்தக் கூடையில் எறியப்போகிறீர்கள்?

எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர்தான் 1970களில் இந்தச் சங்கிலிக் கூடையை உருவாக்கியவர். 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதலாவது நிரந்தர மைதானத்தை அமைத்தவரும் அவரே. அதற்கு முன் மரத்தையும் கம்பத்தையும் குறிவைத்து எறிந்து, பட்டது, படவில்லை என்று உங்களைப் போலவே சண்டை பிடித்திருக்கிறார்கள். சங்கிலி தட்டின் வேகத்தை விழுங்கிக் கீழே கூடைக்குள் போடுகிறது. தட்டு கூடைக்குள் கிடந்தால் அதற்குமேல் பேச்சில்லை.

செய்வது கடினமன்று. கூடையின் வாய் தரையிலிருந்து ஏறத்தாழ 82 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். வாய்க்கு 28 அங்குலச் சைக்கிள் றிம் ஒன்று அளவாகப் பொருந்தும். மேலே சங்கிலி தொங்கவிட 26 அங்குல றிம் போதும். நடுவே ஒன்றரை அங்குலக் குழாய். சங்கிலியை மட்டும் மலிவாகப் பார்த்து மெல்லியதாக வாங்காதீர்கள், தட்டு ஊடுருவி மறுபக்கம் போய்விடும். கடற்கரையில் வைப்பதென்றால் நாகமுலாம் பூசிய சங்கிலி வாங்குங்கள். கறுப்புச் சங்கிலி உப்புக்காற்றில் ஒரு மாரிக்குத் தாங்காது. பழைய றிம் இரண்டு என்னிடம் கிடக்கிறது.

கோட்டைமான் எழுதியது:

தம்பி, படத்தின்படி தட்டு உள்ளேதான். உங்கள் மச்சான் சொன்ன அபராதம் செல்லாது.

ஆனால் உங்கள் முதற்பதிவில் நீங்களே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறீர்கள்: ஒரு காலை வரிசைக்குள் மடக்கி ஊன்றி எறிந்ததாக. எறியும் கணத்தில் உடம்பின் எந்தப் பகுதியும் எல்லைக்கு வெளியே ஊன்றியிருக்கக் கூடாது. அது நிற்கும் நிலையில் ஏற்பட்ட மீறல். அதற்கும் ஒரு எறி அபராதம் உண்டு. இதில் வருத்தம் என்னவென்றால், அப்படி மடங்கிக் குனிய வேண்டிய தேவையே உங்களுக்கு இருக்கவில்லை. தட்டு உள்ளே இருந்து, எல்லைக் கோட்டுக்கு ஒரு மீற்றருக்குள் கிடந்தால், கோட்டிலிருந்து செங்குத்தாக ஒரு மீற்றர் வரை உள்ளே நகர்த்தி வைத்து, புல்லில் நிமிர்ந்து நின்று எறியலாம். அதற்கு அபராதம் எதுவும் இல்லை.

ஆக, மச்சான் தவறான காரணத்தைச் சொல்லிச் சரியான எண்ணைச் சொல்லியிருக்கிறார்.

ஜூலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அப்போது உங்களுக்குக் கச்சான் காற்று. கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். சற்று உயர எழும்பிய தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டுவிடும். எடை குறைந்த சில தட்டுகள் மிதக்கும், 175 கிராம் தட்டுகளில் பெரும்பாலானவை மூழ்கும். எதையும் கடற்கரைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அதிகாலையில், காற்று எழும்புமுன், தாழ்வாக எறிந்து பழகுங்கள்.

உப்புவெளியான் எழுதியது:

வரிசைக்குள் கால் ஊன்றியதை நான் இங்கே எழுதாமல் விட்டிருக்கலாம்.

இன்று காலை ஆறு மணிக்கு உப்புவெளிக்குப் போனேன். காற்று அசையவில்லை. அதே தட்டை அதே திசையில் பத்து முறை எறிந்தேன். பத்து முறையும் கடைசியில் இடப்பக்கம் சரிந்தது, தோட்டத்தில் சரிந்த அதே அளவுக்கு. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, அது அந்தப் பக்கம்தான் போகும் என்றால் கொஞ்சம் இந்தப் பக்கமாகப் பார்த்து எறியுங்கோவன்" என்றார். இரண்டு கம்பை மூன்று மீற்றர் இடைவெளியில் நட்டு, பெரியவர் சொன்னபடி வலப்பக்கக் கம்பைக் குறிவைத்து எறிந்ததில், பத்துக்கு ஆறு நடுவே போயிற்று.

வாளிப் பரிசோதனையும் ஆயிற்று. செம்மஞ்சள் தட்டு கல்லைப் போல அடியில் போய் உட்கார்ந்தது.

பட்டறை அண்ணா, சனிக்கிழமை காலையில் வருகிறேன், அந்த றிம் இரண்டையும் எடுத்து வையுங்கள். மச்சானிடம் இந்த இழையைப் பற்றி யாரும் சொல்ல வேண்டாம்; 35 என்று நானே அவரிடம் ஒப்புக்கொள்கிறேன், காரணத்தை மட்டும் அவர் வந்து இறங்கிய பிறகு சொல்கிறேன்.