பார்க்கிறவருக்கு ஒரு நியாயம், ஆடுகிறவளுக்கு ஒரு நியாயம்

வேளச்சேரி வாசகி:

மைதான ஓரத்தில் ஆடிக் கூட்டத்தை உற்சாகப்படுத்தும் சியர்லீடர் பெண்களோடு வேலை பார்த்தபோது நடந்ததை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. சென்னையில் டி20 கிரிக்கெட் ஆட்டங்கள் நடக்கும் சமயத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் சியர்லீடர் குழுவுக்கு மொழி, உடை, சாப்பாடு எல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அந்தப் பெண்களில் பலர் சின்ன வயதிலேயே பாலே, ஜிம்னாஸ்டிக்ஸ் என்று உடம்பைப் பழக்கியவர்கள். ஏப்ரல் மாதத்து நாலு மணி ஆட்டம் என்றால், எல்லைக் கயிற்றுக்கு வெளியே போட்டிருக்கும் குட்டி மேடையின் விரிப்பு கொதிக்கும். ஷூவுக்குள் கால் வெந்து கொப்புளம் கிளம்பிவிடும். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு அடுத்த ஃபோருக்கு எழுந்து நிற்பார்கள், முகத்தில் சிரிப்பு குறையாமல்.

மேடைக்குப் பின்னால் கம்பி வேலி. அதை ஒட்டிய வரிசையில் மனைவி, பிள்ளைகளோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் போன் பிட்ச் பக்கம் திரும்பவே இல்லை. கம்பிக்கு நடுவில் போனை நுழைத்து, ஜூம் செய்து, கீழேயிருந்து மேலாக எடுத்துக்கொண்டிருந்தார். நான் போய், "சார், அப்படி எடுக்காதீங்க" என்றேன்.

"காட்டத்தானே நிக்குதுங்க, எடுத்தா என்ன?" என்றார். பக்கத்தில் மனைவி, தலையைத் திருப்பிக்கொண்டு பிள்ளைக்குச் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இன்னிங்ஸ் இடைவேளையில் அவரே என்னைக் கூப்பிட்டார். "உன்னப் பாத்தா நல்ல குடும்பத்துப் பொண்ணு மாதிரி இருக்கே. இதுங்களோட உனக்கு என்னம்மா வேலை?"

அக்கறையாகத்தான் கேட்டார். அந்த அக்கறையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எடுத்த வீடியோ அவர் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது, கெட்டுப்போனது மட்டும் அந்தப் பெண்ணா?

இது அவர் ஒருவரின் குணம் என்று விட்டுவிட முடியாது. 2008-ல் ஐபிஎல் தொடங்கிய உடனேயே மகாராஷ்டிரத்தில் அரசியல்வாதிகள் ஆபாசம் என்று கிளம்பினார்கள். உடையைப் பற்றித்தான் பேச்செல்லாம். கூட்டத்திலிருந்து வரும் கத்தலைப் பற்றி யாரும் அந்த அளவுக்கு அலட்டிக்கொள்ளவில்லை. 2011-ல் மும்பை அணிக்குச் சியர்லீடராக வந்த தென்னாப்பிரிக்கப் பெண் கேப்ரியெல்லா பாஸ்குவலோட்டோ, ஆட்டம் முடிந்து நடக்கும் விருந்துகளில் கிரிக்கெட் வீரர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பெயர் போடாமல் வலைப்பூவில் எழுதினார். எழுதியது யாரென்று தெரிந்ததும், தொடர் முடிவதற்குள் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

டெக்சாஸ் அம்மா:

என் மகள் இங்கே ஹைஸ்கூல் சியர் அணியில் இருக்கிறாள். ஃப்ளையர், அதாவது மற்றவர்கள் தூக்கி மேலே எறிய, சுழன்று கீழே வருகிறவள். ஒருமுறை பிடி தவறி விழுந்து தலையில் அடிபட்டு, வெளிச்சம் பார்த்தாலே வலிக்கிறது என்று இருட்டு அறையில் படுத்துக் கிடந்தாள். அந்த நாட்களில் போன் செய்த சொந்தக்காரர்கள் காயத்தைப் பற்றிக் கேட்டதைவிட, "அந்தக் குட்டைப் பாவாடைய விட்டுடச் சொல்லலாமே" என்று சொன்னதுதான் அதிகம்.

மகன் மல்யுத்த அணியில் இருக்கிறான். அவன் போடும் சிங்லெட் உடம்போடு ஒட்டிக்கொண்டு, தொடை முழுக்க வெளியே தெரியும். அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால் "சூப்பர்டா கண்ணா" என்று வரிசையாக வரும். மகள் படம் போட்டால் ஒரு பெரியம்மா மட்டும் தனியாக எனக்கு மெசேஜ் அனுப்புவார், "கொஞ்சம் யோசிம்மா" என்று. இத்தனைக்கும் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் சின்னப் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு இடுப்பை வெட்டி ஆடும்போது முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிற பெரியம்மா அவர். அந்த நடனத்தைக் குறை சொல்லவில்லை, பிள்ளைகள் ஆசையாக ஆடுகிறார்கள். ஆனால் அளக்கிற கோல் ஏன் மாறுகிறது?

சியர்லீடிங் ஆண்கள் தொடங்கியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1898-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரம்பம். பின்னாளில் அமெரிக்க அதிபர்களான ஐசனோவர், ரீகன், இளைய புஷ் மூவருமே படிக்கும்போது சியர்லீடர்கள். அவர்கள் செய்தவரை தலைமைப் பண்பு. 1923-க்குப் பிறகு பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெருவாரியாக நிறைந்த பின்தான் இது இளக்காரமானது.

தொழில்முறையில் இன்னும் மோசம். 2018-ல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி பெய்லி டேவிஸ் என்ற சியர்லீடரை நீக்கியது. தன் இன்ஸ்டாகிராமில் ஒரே துண்டாலான உடையில் ஒரு படம் போட்டார், அதுதான் குற்றம். அப்போது அந்த அணியின் சியர்லீடர்கள் வீரர்களோடு பழகக் கூடாது என்று விதி இருந்தது. உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு வீரர் உள்ளே வந்தால் எழுந்து போக வேண்டியிருந்தது அந்தப் பெண்தான். வீரர்களுக்கு அப்படி ஒரு விதியும் இருக்கவில்லை. மைதானத்தில் அணி கொடுத்த உடையில் ஆயிரக்கணக்கானோர் முன் ஆடலாமாம், தன் விருப்பத்துக்கு ஒரு படம் போட்டால் வேலை போய்விடுமாம்! பாலினப் பாகுபாடு என்று அவர் புகார் கொடுத்தார். சம்பளமாவது ஒழுங்காக உண்டா என்றால் அதுவும் இல்லை. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் என்ற இன்னொரு அணியின் சியர்லீடர்களுக்கு அப்போது ஆட்டத்துக்கு 125 டாலர், பயிற்சி நேரத்துக்குக் காசே கிடையாது. 2014-ல் வழக்குப் போட்டு, 12.5 லட்சம் டாலர் சமரசத் தொகை வாங்கினார்கள்.

மகள் தலை சரியானதும் மறுபடி போய்விட்டாள். பயமாகத்தான் இருக்கிறது, அவள் கீழே விழுவதை நினைத்து. பாவாடையை நினைத்து இல்லை.

உறுமிக்காரன்:

அக்கா ரெண்டு பேரும் எழுதியதைப் படித்தேன். நான் மதுரைப் பக்கம், நையாண்டி மேளத்தில் உறுமி வாசிக்கிறவன். என் சொந்த அக்கா கரகம் ஆடுகிறவர். மைதானம் இல்லை, கோயில் திருவிழாதான், ஆனால் கதை ஒன்றுதான்.

தலையில் கரகம் அசையாமல், பின்னால் வில்லாக வளைந்து, தரையில் கிடக்கும் ரூபாய் நோட்டைக் கண் இமையால் எடுப்பார் அக்கா. அந்த நேரம் பார்த்தால் பாதிக் கூட்டம் டீக்கடையில் நிற்கும். ராத்திரி பன்னிரண்டு தாண்டியதும் விழாக் கமிட்டி ஆள் மேடைக்குப் பக்கத்தில் வந்து, "பாவாடைய இன்னும் கொஞ்சம் ஏத்திக் கட்டச் சொல்லுப்பா, கூட்டம் கலையுது" என்பார். மறு மாதம் அதே ஊரில் அக்கா மகளுக்கு வரன் கேட்டுப் போனோம். "ஆடுற வீட்டுப் பொண்ணா?" என்று திண்ணையிலேயே பேச்சை முடித்துவிட்டார்கள். சொன்னவர்களில் அந்தக் கமிட்டி ஆளும் ஒருவர்.

ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அனுமதி வாங்கும்போது, உடை ஆபாசமாக இருக்கக் கூடாது, அசைவு ஆபாசமாக இருக்கக் கூடாது என்று நிபந்தனை வரும். சரி, இருக்கட்டும். ஏற்றிக் கட்டச் சொன்னது யார் என்று கேட்டால் நல்லது.

வேளச்சேரி வாசகி:

தம்பி, அக்கா இப்போதும் ஆடுகிறாரா?

உறுமிக்காரன்:

ஆடுறாங்க அக்கா. இப்போது முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுகிறார்: நோட்டுக் குத்த யாரும் மேடை ஏறக் கூடாது, உடை எங்கள் இஷ்டம், மீறினால் மேளத்தை நிறுத்திவிடுவோம். போன பங்குனியில் ஓர் ஊரில் நிறுத்தியும் விட்டோம். மீதிப் பணம் இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம்.