இபிஎஸ்-95 பென்ஷன் கணக்கு: போனஸ் 2 வருடம் எந்தப் பக்கம் சேரும்?

இபிஎஸ்-95 (பிஎஃப் உறுப்பினர்களுக்கான ஊழியர் ஓய்வூதியத் திட்டம், 1995) பென்ஷன் வெட்டு குறித்த தொழிற்சங்க மனுவுக்கு ஒரு மாதிரிக் கணக்கு வேண்டும். ஒரே இடத்தில் முட்டி நிற்கிறது.

உறுப்பினர் 1.9.1998இல் சேர்ந்தவர், 31.8.2023இல் 58 வயது முடிந்தது. சர்வீஸ் 25 வருடம். சம்பளமில்லா நாள் ஒன்றுகூட இல்லை. கடைசி 60 மாதமும் சம்பளம் பென்ஷன் கணக்குக்கான உச்சவரம்பான 15,000க்கு மேல்தான், ஆனால் முழுச் சம்பளத்துக்கான கூடுதல் பென்ஷனுக்கு விருப்பம் கொடுக்கவில்லை. பாஸ்புக்கில் பென்ஷன் பங்கு 541 ரூபாயாக இருந்து, 2014 செப்டம்பர் சம்பளத்திலிருந்து 1,250 ஆகியிருக்கிறது.

மாதப் பென்ஷன் = சம்பளம் × சர்வீஸ் ÷ 70. 15,000 × 25 ÷ 70 என்று நேராகப் போட்டால் 5,357 வரும். ஆனால் 2014 திருத்தப்படி சர்வீஸைப் பிரிக்க வேண்டும்: பழைய 16 வருடத்துக்கு முந்தைய உச்சவரம்பான 6,500, பிந்தைய 9 வருடத்துக்கு 15,000. அப்போது 3,414தான். (மேடையில், பென்ஷனுக்கு எடுக்கும் சம்பளம் 12 மாத சராசரியிலிருந்து 60 மாத சராசரி ஆனதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், இவரைப் போல வரம்பைத் தாண்டியவர்களை உண்மையில் கடிப்பது இந்தப் பிரிப்பு.)

சர்வீஸ் 20 வருடம் தாண்டியதால் அதோடு 2 வருடம் போனஸாகச் சேரும். அதை மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தாயிற்று. பழைய பகுதியில் சேர்த்தால் 3,600, புதியதில் சேர்த்தால் 3,843, இரண்டுக்கும் விகிதப்படி பிரித்தால் 3,687. திட்டத்தின் பத்தி 10, 11, 12 மூன்றையும் வரிவரியாகப் படித்தும் தெளிவில்லை. 2022 நவம்பர் 4 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 60 மாத சராசரியை ஏற்றது. அதிலும் இதற்கு விடை கிடைக்கவில்லை.

2014 செப்டம்பருக்குப் பிறகு 58இல் ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் கணக்குத் தாளில் இந்த 2 வருடம் எந்தப் பகுதியில் சேர்ந்திருக்கிறது?