மான்ட்டா திருக்கை மேனி துலக்கப் போகும் இடத்துக்கு என்ன பெயர்?

பொன்னி (திங்கள், இரவு)

குழுவினருக்கு வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்குக் கடல் பலகைகள் 12 எழுதுகிறோம். 11 முடிந்தன. மான்ட்டா திருக்கை என்னும் பெரிய தட்டை மீனின் பலகை ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வெள்ளி காலை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

பவளப்பாறையில் சில மேடுகளில் விரல் நீளத்துக்கு நீலமும் கறுப்புமாகக் கோடு போட்ட சின்ன மீன்கள் குடியிருக்கும். திருக்கை அந்த மேட்டைத் தேடி வந்து வட்டமடிக்கும். சின்ன மீன்கள் அதன் வயிறு, செவுள், வாய் என்று எல்லா இடத்திலும் புகுந்து ஒட்டுண்ணியையும் செத்த தோலையும் கொத்தித் தின்னும். ஆங்கிலத்தில் 'கிளீனிங் ஸ்டேஷன்'. நான் 'துப்புரவு நிலையம்' என்று எழுதியிருந்தேன். தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, "குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும்?" என்றார்.

தலையின் இரு பக்கமும் நீளும் உறுப்புக்குத் 'தலைமடல்' என்று வைத்திருக்கிறேன். அதில் யாருக்கும் மறுப்பு இருக்காதென நம்புகிறேன்.

அரசு

அம்மா, தலைமடல் நன்று. நிலையம் வேண்டாம். அது 'நிலை'யிலிருந்து வந்ததா, வடமொழி 'நிலய'மா என்று இங்கே மூன்று வாரம் மல்லுக்கட்டியது நினைவிருக்கும். அதை விடுங்கள். இந்த மீன் நிற்காதே! நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள் வழியே நீர் ஓடும், மூச்சும் ஓடும். நிற்க முடியாத உயிருக்கு நிலையமா?

நீரில் இறங்கி ஒரு காரியம் செய்யும் இடத்தைத் தமிழன் துறை என்றான். நீராடு துறை, படகுத்துறை. ஆகவே தூய்மைத்துறை.

மாலேவாசி

ஐயா, தூய்மைத்துறை என்றால் அதற்கு ஒரு அமைச்சர், இரண்டு செயலாளர், கோப்பு எல்லாம் வேண்டும். வருவாய்த்துறை, கல்வித்துறை, தூய்மைத்துறை. துப்புரவு நிலையமே தேவலை.

அரசு

அரசாங்கம் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது என்பதற்காக நாம் அதைக் கைகழுவ முடியாது. சரி, 'தூய்துறை' என்று சுருக்கலாம். வினைத்தொகை.

பொன்னி

ஐயா, மன்னிக்கவும். சுடுகாடு, ஊறுகாய் வினைத்தொகை. சுடு, ஊறு வினை. 'தூய்' வினையா? தூய்ந்தான், தூய்கிறான் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நெய்தலான்

ஆளாளுக்கு இலக்கணம் பேசுகிறீர்கள், கடற்கரையில் யாரையாவது கேட்டீர்களா? மன்னார் வளைகுடாவில் கடலடிப் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே தோலாயிரம் பார் என்ற முத்துப்படுகை இருக்கிறது. இந்த மேடும் ஒரு பார்தான். துப்புரவுப் பார் என்று போடுங்கள்.

மீன் பெயரும் கரையில் தயாராக இருக்கிறது: கொம்புத் திருக்கை. மான்ட்டாவையும் அதன் சின்னச் சொந்தங்களையும் எங்கள் ஆட்கள் ஒரே பெயரில்தான் அழைப்பார்கள். விஞ்ஞானிகள் இரண்டையும் தனித்தனிப் பேரினமாக வைத்திருந்து, 2017இல்தான் மான்ட்டாவை அந்தச் சின்னச் சொந்தங்களின் பேரினமான மொபுலாவோடு சேர்த்தார்கள். வலை இழுக்கிறவனுக்கு அது முன்பே தெரியும். இன்னொன்று: 'மாண்டா' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், யார் மாண்டார் என்று பிள்ளைகள் கேட்கும்.

மாலேவாசி

'துப்புரவுப் பார்' என்று படித்ததும் எனக்கு டாஸ்மாக் பக்கத்துக் கட்டடம்தான் ஞாபகம் வந்தது. மன்னிக்கவும் அண்ணா.

நான் இங்கே மாலத்தீவில் முக்குளிப்புப் படகில் வேலை செய்கிறேன், பலமுறை நேரில் பார்த்தவன் என்பதால் ஒரு வார்த்தை. வடமாலே பவளத்தீவின் கிழக்கு ஓரத்தில் லங்கன் மான்ட்டா பாயின்ட் என்று ஓர் இடம். தென்மேற்குப் பருவக்காற்று ஓடும் மாதங்களில் திருக்கை அங்கே வரும். முதலில் மணலில் நிழல் விழும், அப்புறம்தான் ஆள். மூன்று மீட்டர் அகலம் இருக்கும். தலைமடல் இரண்டையும் சுருட்டிக் கொம்பு மாதிரி வைத்திருக்கும். இரை தின்னும்போது விரித்து வாயோரம் புனல் பிடிக்கும். மேட்டுக்கு மேலே வந்ததும் வேகத்தைக் குறைத்து வயிற்றைக் காட்டும். கைரேகை போல ஆளுக்கு ஆள் வேறுபடும் கறுப்புப் புள்ளிகள் அங்கேதான். செவுள் பிளவுகள் ஒவ்வொன்றாக அகலும், சின்ன மீன் உள்ளே போகும், வரும். ஒரு தடவை உடம்பு வெடுக்கென்று சிலிர்த்தது. அழுக்கோடு நிற்காமல் மேல்தோலின் வழுவழுப்பையும் அந்த மீன் கடித்துவிட்டது. அதற்கு அதுதான் ருசி. அடுத்த திருக்கை பின்னால் காத்திருந்தது, வரிசையை மீறவில்லை.

எங்கள் படகில் இந்த இடத்தைச் 'சலூன்' என்போம். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

வேர்தேடி

முக்கியமான ஒன்றை எல்லோரும் தவறவிட்டீர்கள். மான்ட்டா ஸ்பானியச் சொல், போர்வை என்று பொருள் என்பார்கள். ஆனால் மாலத்தீவின் திவேகி மொழியில் திருக்கைக்கு 'மடி'. தமிழில் மடி என்றால் மடிப்பு, துணி, மீன் சேரும் வலைப்பை. போர்வையும் துணிதானே! மடி > மண்டி > மான்ட்டா. விரிவாக நாளை எழுதுகிறேன்.

பொன்னி

ஐயா, நாளை வேண்டாம். வெள்ளிக்குப் பிறகு எழுதுங்கள்.

மன்னாராள்

பொன்னி ரீச்சர், எங்கட பக்கமும் பார் எண்டுதான் சொல்லுறது. பெரிய பார் எண்டு முத்துக் குளிச்ச இடமே இருக்கு. ஆனா சொல்லைவிடப் பலகையில இன்னொரு விசயம் போடுங்கோ. இது ஒரு வருசத்துக்கு மேல சுமந்து ஒரே ஒரு குட்டிதான் போடும். அதுக்குப் பிறகு அடுத்த குட்டிக்குச் சில வருசம் ஆகும். செவுளுக்குள்ள இரையைப் பிடிக்கிற செவுள்தட்டைக் காய வைச்சுச் சீன மருந்துக்கு எண்டு விக்கினம். அருகிவரும் உயிர்களின்ர பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில 2013இல சேர்த்தாங்கள். இன்னும் செவுள் வலையில பட்டுக்கொண்டுதான் இருக்கு.

அரசு

மன்னார் அம்மையார் 'குட்டி' என்றது சிந்திக்கத்தக்கது. தொல்காப்பிய மரபியலில் "பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை". அதாவது பறப்பவற்றின் குஞ்சுக்குப் பார்ப்பு, பிள்ளை என்று பெயர். இது சிறகடித்து நீரில் பறக்கும் மீன். எனவே குட்டி பிழை. திருக்கைப் பார்ப்பு என்பதே மரபு.

நெய்தலான்

ஐயா, திருக்கைப் பார்ப்பு என்று எங்கள் ஊரில் சொன்னால், திருக்கை வாலைச் சாட்டையாக எடுப்பார்கள்.

பொன்னி (வியாழன்)

எனக்கு ஒன்று தோன்றியது. பல் துலக்குகிறோம், பாத்திரம் துலக்குகிறோம். 'துலக்கு' கட்டாயம் வினை. துலக்குதுறை? அரசு ஐயாவின் துறை நிற்கிறது, வினைத்தொகையும் சரி, அமைச்சகமும் வராது.

அரசு

ஏற்கிறேன். இதையே நான் சொல்ல வந்தேன்.

நெய்தலான்

துறை என்பது கரையில் இருப்பது. ஆழத்தில் இருப்பது பார். துலக்குப்பார் என்றால் என்ன குறைந்துவிடும்?

மாலேவாசி

'துலக்கிப் பார்' என்று படித்துவிட்டுப் பிள்ளைகள் பலகையைத் தேய்க்கும். என் வாக்கு துலக்குதுறைக்கு. சலூன் தோற்றதில் வருத்தமில்லை.

மட்டுறுத்துநர்

துலக்குதுறை 5, பார் வகைகள் 2, சலூன் 1 (வாக்களித்தவரே பின்வாங்கிவிட்டார்). வேர்தேடி ஐயா வாக்களிக்கவில்லை, நான்கு பக்க இணைப்பு அனுப்பியிருக்கிறார்.

நெய்தலான்

என் மறுப்பு பதிவாகட்டும். கடலை எழுதும்போது கரைக்காரன் சொல்லைத் தள்ளிவிட்டீர்கள்.

பொன்னி (வெள்ளி, காலை)

அச்சுக்குப் போய்விட்டது. துலக்குதுறை. மீன் பெயர் கொம்புத் திருக்கை, நெய்தலான் அண்ணாவுக்காக. மன்னார் அக்கா சொன்னதும் இருக்கிறது, குட்டி என்றே. எல்லோருக்கும் நன்றி.

அரசு (வெள்ளி, பிற்பகல்)

பலகையின் படியைப் பார்த்தேன். "மிதவையுயிர்களை வடிகட்டி உண்ணும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது சல்லடையில் வடிகட்டுவது போன்றது அன்று. 2018இல் வந்த ஓர் ஆய்வின்படி, செவுள்தட்டின் இடைவெளியைவிடச் சிறிய துகளும் உள்ளேயே தங்கிவிடுகிறது. அந்தச் செவுள்தட்டின் மடல்களில் பட்டுத் தெறித்து வாய்ப்பக்கம் போகிறது. நீர் மட்டும் வெளியேறுகிறது. சல்லடையானால் அடைத்துக்கொள்ளும், இது அடைக்காது. முறத்தில் அரிசியைத் தெறிக்கவிட்டுக் கல் பிரிப்பதை என்ன சொல்வோம்? கொழித்தல். அலை முத்தைக் கொழிக்கும் என்போமே. ஆகவே 'கொழித்துண்ணல்'. உடனே மாற்றுக.

நெய்தலான்

புடைத்தல்தான் சரி. கொழித்தல் வேறு, புடைத்தல் வேறு.

பொன்னி

ஐயா, ஒட்டியாகிவிட்டது. பசை காயவில்லை, ஆனால் ஒட்டியாகிவிட்டது.