பொன்னாத்தாவா, பாக்கியமா? வடிவுக்கரசிய வீணாக்குனது சினிமாவா சீரியலா

பழையரீல்:
ரொம்ப நாளா மனசுல கெடக்கறத கொட்டிடறேன், அடிக்க வர்றவங்க வரலாம். வடிவுக்கரசிங்கற நடிகைய பாதி சினிமா பாழாக்குச்சு, மீதிய சீரியல் பாழாக்கிடுச்சு. 1978ல சிகப்பு ரோஜாக்கள்ல சின்ன வேஷம், அடுத்த வருஷமே கன்னிப்பருவத்திலே படத்துல ராஜேஷுக்கு ஜோடி, அங்கருந்து ஆறே வருஷத்துல முதல் மரியாதைல சிவாஜியோட பொண்டாட்டி பொன்னாத்தா. அப்ப அவங்களுக்கு இருபது சொச்சம்தான் வயசு, எதிர்ல நிக்கறது 1928ல பொறந்த சிவாஜி. மனுஷன் முகத்த லேசா சுளிச்சாலே பக்கத்துல நிக்கறவங்க காணாம போயிடுவாங்க, அப்படிப்பட்டவர் முன்னாடி சொந்த வீட்லயே நிம்மதியில்லாத ஆளா அவர ஆக்கிக் காட்டுச்சு அந்தப் பொண்ணு. அப்படி ஒரு வாய், அப்படி ஒரு அலட்சியம். சரி, அதுக்கப்புறம் என்ன குடுத்தோம்? கொடுமைக்கார அண்ணி, கொடுமைக்கார மாமியார், கூன் கிழவி. 2007ல திருமதி செல்வம் சீரியல் ஆரம்பிச்சு 2013 வரைக்கும் பாக்கியங்கற மாமியாரா தெனம் ஒரே கத்தல். இதுக்கா அந்தப் பொன்னாத்தா?

மாமியார்மெச்சியவள்:
வந்துட்டாருய்யா, சீரியல்னாலே மூக்கப் பொத்திக்கற கூட்டத்துல இன்னொருத்தர். சார், திருமதி செல்வம் எத்தன எபிசோடு பாத்தீங்க? எங்க வீட்டுல முழுசா பாத்தோம், அதனால சொல்றேன், பாக்கியம் கத்துன எபிசோட விட கத்தாம இருந்த எபிசோடுதான் பயமா இருக்கும். மெக்கானிக் பையன், வசதி இல்லாத வீடு, காசுன்னா கண்ணு விரியற அம்மா. அந்த அம்மா பையன் மேல பாசமும் வெச்சிருக்கா, அந்தப் பாசத்துக்கே வெலையும் போடறா. இத ரெண்டரை மணி நேரப் படத்துல நாலு சீன்ல காட்டச் சொன்னா வெறும் வில்லியாத்தான் தெரியும், வருஷக்கணக்குல பாக்கும்போதுதான் இது நம்ம சொந்தத்துலயே இருக்கற பொம்பளயாச்சேன்னு தோணும்.

இடைவேளைமுறுக்கு:
நடுவுல ஒரு கணக்கு சொல்லிட்டுப் போறேன். 1985 படிக்காதவன்ல ரஜினிக்கு அண்ணி. 1997 அருணாச்சலத்துல ரஜினிக்கு பாட்டி. 2007 சிவாஜி படத்துல ரஜினிக்கு அம்மா. பாட்டியா இருந்து பத்து வருஷத்துல அம்மாவா எறங்கியாச்சு, இந்த வேகத்துல போனா அடுத்து தங்கச்சிதான். இதுல அவரு 1950ல பொறந்தவரு, அம்மணி அவர விட சின்னவங்க 😂

பழையரீல்:
முறுக்கு, நீங்க சிரிச்சுட்டே சொன்னதுதான் என் கேஸே. ஹீரோவுக்கு வயசே ஏறாது, அவங்களுக்கு மட்டும் ஏறும் எறங்கும், எதுவுமே அவங்க கையில இல்ல. அதே 1985ல முதல் மரியாதை, படிக்காதவன் ரெண்டு படத்துலயும் சிவாஜிக்கு பொண்டாட்டி, ரெண்டுலயும் வீட்டக் கெடுக்கறவ. ஒரு வேஷம் ஹிட் ஆயிட்டா அந்த அச்சுலயே வார்த்துக்கிட்டு இருப்பாங்க.

மெச்சியவள் மேடம், நான் மூக்கப் பொத்தல. நடிப்பப் பத்திதான் பேசறேன். ஒருத்தர் திரும்பிப் பாக்கறத மூணு தடவ ஜூம் பண்ணி, டமார் டமார்னு மூணு தடவ சத்தம் போட்டா அங்க நடிகருக்கு என்ன வேல? அவங்க முகத்துல பண்ண வேண்டியத எடிட்டரும் மியூசிக்கும் பண்ணிடறாங்களே.

உதவிஒருகாலத்தில்:
நான் கொஞ்ச காலம் ஒரு சீரியல் யூனிட்ல அசிஸ்டென்டா இருந்தவன், இவங்களோட வேல செஞ்சதில்ல, ஆனா அந்த ஃபீல்டு தெரியும்ங்கறதால சொல்றேன். காலைல கால்ஷீட்டுக்கு வந்து மேக்கப் போட்டு உக்காந்தா சீன் பேப்பரே அப்பதான் கைக்கு வரும், சில நாள் அதுவும் எழுதிட்டு இருக்கறப்பவே பாதி பாதியா வரும். மனப்பாடம் பண்ண நேரமே கெடையாது, கேமராவுக்குப் பக்கத்துல நின்னு ஒருத்தன் பிராம்ட் குடுப்பான், அவன் ஒரு வரி சொல்லுவான், ஆர்ட்டிஸ்ட் அத வாங்கி டயலாக்கா திருப்பி விடணும். இப்ப யோசிங்க, காதுல ஒருத்தன் உணர்ச்சியே இல்லாம நியூஸ் வாசிக்கற மாதிரி வசனத்த ஓட்டறான், எதிர்ல மருமகளா நடிக்கற பொண்ணு இண்டஸ்ட்ரிக்கே புதுசு, லைட்டு போறதுக்குள்ள இன்னும் ரெண்டு சீன் முடிக்கணும்னு மேனேஜர் வாட்ச்சப் பாத்துட்டே நிக்கறாரு, இதுக்கு நடுவுல அழுகையும் வரணும், அழும்போது முந்தானைய எந்தக் கையில புடிச்சிருந்தோம்னு கன்டினியுட்டியும் ஞாபகம் இருக்கணும். புதுசுங்க இதுல தடுமாறிப் போயிடுவாங்க. சினிமால இருந்து வந்த பெரிய ஆர்ட்டிஸ்ட்டுங்க, அதுலயும் இவங்க தலைமுறை ஆளுங்க, ஒரே டேக்ல முடிச்சுக் குடுத்துட்டு வெத்தல போட போயிடுவாங்க. யூனிட்டே அவங்கள நம்பித்தான் ஓடும். அந்த ஜூமும் டமாரும் இருக்கே பழையரீல் அண்ணே, அது பெரும்பாலும் நடிக்கத் தெரியாதவங்கள காப்பாத்தறதுக்குப் போடறது. தெரிஞ்சவங்களுக்கும் சேர்த்து அதே சாம்பார ஊத்திடறானுங்க, அதுதான் கொடும.

மாமியார்மெச்சியவள்:
உதவி தம்பி சொன்னத மறுபடி படிங்க எல்லாரும். இன்னொண்ணு. திருமதி செல்வத்த 2009ல ஹிந்தில பவித்ரா ரிஷ்தான்னு எடுத்தாங்க, சுஷாந்த் சிங் ராஜ்புத் அதுலதான் ஊர் உலகத்துக்குத் தெரிஞ்சாரு. அங்க அந்த அம்மா கேரக்டர உஷா நாட்கர்னி பண்ணாங்க, மராத்தில பெரிய நடிகை. சும்மா கத்தறதுக்கு மட்டும் ஒரு ரோல்னா அதுக்கு எதுக்கு அந்த ரேஞ்சுல ஆள் போடணும்? கதையோட முதுகெலும்பே அந்த மாமியார்தான். 1,300 எபிசோடுக்கு மேல ஓடுன கதைய ஹீரோயினோட கண்ணீர் மட்டும் இழுத்துட்டுப் போயிருக்காது.

கரிசல்குருவி:
நீங்க ரெண்டு பேரும் பாக்கியத்துக்கு அடிச்சுக்கறீங்க, எனக்கு பொன்னாத்தா மேலயே ஒரு வழக்கு இருக்கு. பழையரீல் அத உச்சம்னு சொல்றாரு. நடிப்பு உச்சம்தான், எழுத்து? ஒருத்தன் ஏமாத்திட்டுப் போயிடறான், வயித்துல புள்ள, அவ அப்பங்காரன் மலைச்சாமியோட, அதான் சிவாஜியோட கால்ல விழுந்து மானத்தக் காப்பாத்துன்னு கட்டி வெக்கறாரு, கட்டுனவரு பேருக்குத்தான் புருஷன், கடைசி வரைக்கும் தொடல. இப்படி ஒரு வாழ்க்கை வாழ்ந்தவ வாய் எப்படிங்க இனிக்கும்? ஆனா படம் அவ பக்கம் ஒரு நிமிஷம் கூட நிக்கல, நின்னா மலைச்சாமிக்கும் பரிசல்காரி குயிலுக்கும் உள்ள காதல் நியாயமாத் தெரியாதே. அதனால அவ கூடுமானவரைக்கும் அசிங்கமா நடந்துக்கணும், தியேட்டர்ல அத்தன பேரும் காறித் துப்பணும், அப்பதான் பரிசல்காரிய நாம ஏத்துப்போம். அவங்க செஞ்ச வேல என்னன்னா தன்னையே பலி குடுத்து அடுத்தவங்க காதலுக்கு வெளிச்சம் போட்டது. மலைச்சாமி உண்மையப் போட்டு உடைக்கற சீன்ல எல்லாரும் சிவாஜியத்தான் பாப்பாங்க, அடுத்த தடவ அவர விட்டுட்டு அவங்கள மட்டும் பாருங்க. அதுவரைக்கும் வானத்துக்கும் பூமிக்கும் குதிச்ச பொம்பள அப்படியே அடங்கிப் போறா, எழுத்துல இல்லாத ஒரு பொம்பள அங்க கொஞ்ச நேரம் வந்துட்டுப் போறா.

பழையரீல்:
குருவி, இதே ஆதாரத்த நான் என் பக்கத்துக்கு எடுத்துக்கறேன். எழுத்துல இல்லாதத கூட கொண்டு வந்தாங்கன்னா எழுத்துலயே இருந்திருந்தா எங்க போயிருப்பாங்க? அதக் குடுக்காததுதான் என் ஆத்திரம்.

இடைவேளைமுறுக்கு:
யாருக்குதான் குடுத்தோம். ஆச்சி மனோரமா நடிக்க வந்தது 1958, ஆயிரம் படம் தாண்டி கின்னஸே வந்துருச்சு, தேசிய விருது வந்தது 1989 புதிய பாதைக்கு, அதுவும் துணை நடிகை. எஸ்.என்.லட்சுமி பாட்டிய எடுத்துக்கோங்க, மைக்கேல் மதன காமராஜன்ல அந்த திருட்டுப் பாட்டிய மறக்க முடியுமா, அவங்களும் கடைசி காலத்துல சீரியல்தான். சினிமா கூப்புடாதப்ப சீரியல் கூப்புட்டுச்சு. அத எப்படி வீணாக்குனதுன்னு சொல்லுவீங்க?

மாமியார்மெச்சியவள்:
அதேதான்! நாப்பது தாண்டுன நடிகைக்கு தெனம் வேல, மாசம் பொறந்தா வருமானம், வீட்டுக்கு வீடு பேரு. சினிமா இத எத்தன பேருக்குக் குடுத்துச்சு? கலை கலைன்னு பேசறவங்க கொஞ்சம் அவங்க வீட்டு வாடகை, புள்ளைங்க படிப்பு இதெல்லாமும் யோசிச்சுட்டுப் பேசுங்க.

பழையரீல்:
மேடம், வேல செய்யறது தப்புன்னு எங்க சொன்னேன்? அவங்க முடிவுல எனக்கு கேள்வியே இல்ல, அவங்கள வெச்சு வேல வாங்குனவங்க மேலதான். சீரியல் குடும்பத்த ஓட்டுச்சு, ஒத்துக்கறேன். வருஷக்கணக்குல ஒரு கேரக்டர் வளரும்னு நீங்க சொல்றீங்க, என் கண்ணுக்கு வளரலங்க, சுத்துது. டிஆர்பி எறங்குனா மாமியார் கெட்டவளா ஆவா, கொஞ்ச நாள் கழிச்சு திருந்துவா, மறுபடி எறங்குனா மறுபடி கெடுவா. திருந்துன சீன்ல அவங்க உயிரக் குடுத்து நடிச்சத அடுத்த மாசமே ரைட்டரு அழிச்சுடறாரு.

உதவிஒருகாலத்தில்:
இது உண்ம அண்ணே. வியாழக்கெழம ரேட்டிங் வந்தா வெள்ளிக்கெழம கத மாறும். ஆர்ட்டிஸ்ட்டுக்கே தெரியாது, நேத்து வெச்ச பாசத்த இன்னிக்கு ஏன் விஷம்னு சொல்றோம்னு. கேட்டா டைரக்டரு மேலயிருந்து சொன்னாங்கம்பாரு.

ஆனா நீங்க சினிமாவ இதுலருந்து கழட்டி விட்டுடாதீங்க. அருணாச்சலத்துல அந்த வேதவல்லி பாட்டி ரஜினிய அநாதைன்னு சொல்லிக் காட்டற எடம் இருக்கே, ரஜினி மார்க்கெட் உச்சத்துல இருந்தப்ப. அந்த வெறுப்ப ஒழுங்கா பண்ணலன்னா அவரு வீட்ட விட்டுப் போறதுக்கு அர்த்தமே இல்ல, மிச்சப் படமே நிக்காது. கூன் போட்டுட்டு, குரல மாத்தி, தன்ன விட மூத்த ஹீரோவுக்குப் பாட்டியா நம்ப வெச்சாங்க. அதுல ஒரு கிராஃப்ட் இருக்கு. கூன் கிழவின்னு ஒரே வார்த்தைல தள்ளாதீங்க.

கரிசல்குருவி:
2019 கண்ணே கலைமானே யாராச்சும் பாத்தீங்களா? உதயநிதிக்கு அப்பத்தா. பேங்க் ஆபீசரா வர்ற தமன்னாவ பேரனுக்குக் கட்டி வெக்க அப்பத்தாவுக்கு மனசு வராது. நம்ம பழைய பழக்கத்துக்கு, ஆஹா வில்லி வந்துட்டான்னு உக்காந்தா அங்க வில்லியே இல்ல. வீட்டத் தூக்கி நிறுத்துன ஒரு வயசான பொம்பள, பிடி விட்டுப் போயிடுமோன்னு பயப்படறா, அவ்ளோதான். கத்தல் கம்மி. பெரிய ஹிட் இல்லாததால யாரும் பேசல.

பழையரீல்:
பாத்தேன். அதப் பாத்துட்டுத்தான் இந்த திரியே ஆரம்பிச்சேன்னு வெச்சுக்கோங்க. 1985ல இருந்து 2019 வரைக்கும், இப்படி ஒண்ணு இன்னும் பத்து இருந்திருக்கணும்.

மாமியார்மெச்சியவள்:
பாக்கியம் இல்லாம அந்த அப்பத்தா வந்திருக்க மாட்டா சார், அடக்கி வாசிக்கறது எங்கன்னு தெனம் தெனம் நடிச்சாத்தான் தெரியும். நீங்க ஒத்துக்க மாட்டீங்க, தெரியும்.

பழையரீல்:
ஒத்துக்க மாட்டேன். முதல் மரியாதைலயே தெரிஞ்சிருந்துச்சு அவங்களுக்கு.

இடைவேளைமுறுக்கு:
ரெண்டு பேரும் ஒரே ஆளத்தான் புகழ்ந்துட்டு சண்ட போடறீங்க, நல்லாருங்க. உதவி, அந்த பிராம்ட் மேட்டர் இன்னும் கொஞ்சம் சொல்லுங்க, எதிர்ல நிக்கற ரெண்டு பேருக்கும் ஒரே ஆளா குடுப்பான்? மாத்தி வாங்கிட்டா என்ன ஆகும்?